மூவாரில் ஒரு மரமும் ஒரு வரிசையும்: சாலைப் பாதுகாப்புக்காக வெட்டுவதன் சுற்றுச்சூழல் கணக்கு

மலேசியாவில் ஒரு மரம் சட்டத்தின் கண்ணில் பட வேண்டுமானால் அதன் அடிமரச் சுற்றளவு 0.8 மீட்டரைத் தாண்ட வேண்டும். தரையிலிருந்து அரை மீட்டர் உயரத்தில் நாடாவைச் சுற்றி அளப்பது முறை. குறுக்களவில் அது ஏறத்தாழ 25 சென்டிமீட்டர். அதைவிடப் பருத்த மரத்தை ஊராட்சித் திட்டமிடல் அமைப்பின் எழுத்துப்பூர்வ அனுமதியின்றி வெட்டக் கூடாது என்கிறது நகர, கிராமத் திட்டமிடல் சட்டம். 1976-இல் வந்த சட்டம் அது. மரங்களுக்கான பகுதி 1995-இல்தான் சேர்ந்தது. சேர்ந்தபோதே விதிவிலக்குகளும் கூடவே வந்தன: பட்டுப்போன மரம், பட்டுக்கொண்டிருக்கும் மரம், உடனடி ஆபத்தைத் தடுக்க வெட்டியாக வேண்டிய மரம். இவற்றில் குறை காண எதுவுமில்லை. ஆனால் சாலையோரத்தில் நிற்கும் எந்தப் பெரிய மரத்தையும் யாராவது ஒருவர் ஒருநாள் ஆபத்து என்று சொல்லிவிட முடியும். அப்படிச் சொன்ன பிறகு பேச்சு முழுவதும் அந்த ஒரு மரத்தைப் பற்றியதாகவே ஆகிவிடுகிறது. அது நின்ற வரிசையைப் பற்றிப் பேச ஆளிருப்பதில்லை.

ஜொகூரின் மூவாரில் இந்தப் பேச்சுக்கு இரண்டு வகையான சாலைகள் உண்டு. ஒன்று ஊருக்குள், ஆற்றையொட்டிப் போகும் ஜாலான் பெட்ரி. 1930-இல் கட்டி முடிக்கப்பட்ட சுல்தான் இப்ராஹிம் ஜாமிஉ பள்ளிவாசலும், பழைய அரசுக் கட்டடங்களும், அவற்றுக்குக் குடைபிடிக்கும் முதிர்ந்த தூங்குமூஞ்சி மரங்களும் உள்ள பகுதி அது. நடந்தோ மெதுவாக வண்டியோட்டியோ போகிற சாலை. மற்றொன்று ஊரைவிட்டு வெளியேறும் கூட்டரசுச் சாலைகள். 5-ஆம் எண் சாலை கடலோரமாகப் பாரிட் ஜாவா வழியே பத்து பகாட்டுக்குப் போகிறது. 24-ஆம் எண் சாலை பக்ரி, பாரிட் சூலோங் வழியே யோங் பெங்கை எட்டுகிறது. ஊர்ப் பெயர்களே சொல்கின்றன, இது ‘பாரிட்’ எனும் வாய்க்கால் வெட்டி நீரை வடித்துக் குடியேறிய தாழ்நிலம். சாலைக்குப் பக்கத்தில் புல், புல்லுக்குப் பக்கத்தில் வாய்க்கால், வாய்க்காலுக்கு அப்பால் செம்பனை அல்லது கம்பத்து வீடுகள். மரங்கள் நிற்பது பெரும்பாலும் அந்தக் குறுகிய புல்பட்டையில்.

இந்த இரண்டு சாலைகளிலும் மரம் வெட்டப்படும்போது சொல்லப்படும் காரணம் ஒன்றுதான்: பாதுகாப்பு. உண்மையில் அதற்குள் மூன்று வேறு காரணங்கள் இருக்கின்றன. மரம் விழுந்து ஆளைக் கொல்லலாம். வண்டி தடம்மாறி மரத்தில் மோதலாம். மரமும் புதரும் வளைவையோ சந்திப்பையோ மறைக்கலாம், மின்கம்பியைத் தொடலாம். மூன்றுக்கும் சான்று வேறு, பரிகாரம் வேறு, சுற்றுச்சூழலுக்கு வரும் இழப்பும் வேறு. மூன்றையும் ஒரே கோப்பில் போட்டு ஒரே ரம்பத்தால் தீர்ப்பதிலிருந்துதான் குழப்பம் தொடங்குகிறது.

மூன்றாவதைச் சீக்கிரம் முடித்துவிடலாம். சந்திப்பை மறைக்கும் கிளையையும் புதரையும் வெட்டத்தான் வேண்டும். அதனால் மரம் சாவதில்லை, புல்லும் மறுபடி முளைக்கும். எதை எப்போது வெட்டுவது, களைக்கொல்லி தெளிப்பதா இயந்திரத்தால் அரிவதா என்பவை மட்டுமே கேள்விகள்.

விழும் மரம் அப்படிப்பட்டதல்ல. 2024 மே 7 அன்று கோலாலம்பூர் ஜாலான் சுல்தான் இஸ்மாயிலில் புயல்மழையின்போது ஒரு பெரிய மரம் வேரோடு சாய்ந்தது. ஒருவர் இறந்தார், 17 வண்டிகள் நசுங்கின, மோனோரயில் நின்றுபோனது. அந்தப் படங்களைப் பார்த்த எந்த நகராண்மைக் கழகத் தலைவருக்கும் தம் ஊரின் பழைய மரங்கள் நினைவுக்கு வந்திருக்கும். மூவாரின் அச்சத்துக்குக் கூடுதல் காரணமும் உண்டு. ஏப்ரலிலிருந்து நவம்பர் வரை சுமத்ராவின் பக்கமிருந்து மலாக்கா நீரிணையைக் கடந்து திடீர்க் காற்றும் மழையும் வரும். ‘சுமத்ரா’ என்றே அவற்றுக்குப் பெயர். பெரும்பாலும் விடியலுக்கு முன் அவை கரையேறுகின்றன. மேற்குக் கரையில், ஆற்று முகத்தில் நிற்கும் ஊர் முதல் அடியை வாங்கிக்கொள்கிறது.

இந்த அச்சத்தை அளக்க முறைகள் இருக்கின்றன. 1990-களில் ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூவில் கிளாவ்ஸ் மத்தெக் உருவாக்கிய கண்வழி ஆய்வு முறை உலகெங்கும் பரவியது. மரம் தன் பலவீனத்தை உடலிலேயே காட்டிக்கொடுக்கும் என்பது அதன் அடிப்படை: வீக்கம், விலா எலும்பு போன்ற மேடு, பட்டைப் பிளவு, அடியில் முளைக்கும் காளான். சந்தேகம் வந்தால் ஒலியலையைச் செலுத்தி உட்பகுதி எவ்வளவு கூடாகியிருக்கிறது என்று பார்க்கலாம். அதன் பிறகு மூன்று கேள்விகள்: இது முறிய எவ்வளவு வாய்ப்பு, முறிந்தால் கீழே யாராவது இருப்பார்களா, இருந்தால் விளைவு என்ன? இரண்டாவது கேள்விதான் அதிகம் மறக்கப்படுகிறது. பள்ளிவாசலுக்கு முன் நிற்கும் மரமும் தஞ்சோங் எமாஸில் ஆற்றைப் பார்த்து நிற்கும் மரமும் ஒரே அளவு கூடாகியிருந்தாலும் ஒரே அளவு ஆபத்தல்ல. பிரிட்டனில் தேசிய மரப் பாதுகாப்புக் குழு 2011-இல் வெளியிட்ட வழிகாட்டியின்படி மரமோ கிளையோ விழுந்து அங்கு ஆண்டுக்குச் சராசரியாக 6 பேர் இறக்கிறார்கள். ஒருவருக்கு அந்த ஆபத்து ஏறத்தாழ ஒரு கோடியில் ஒன்று. நம் காற்றும் மழையும் வேறு, மண் வேறு. அந்த எண்ணை அப்படியே இங்கே ஒட்ட முடியாது. ஆயினும் ஆபத்தை எண்ணாக எழுதிப் பார்க்கும் பழக்கத்தைக் கடன் வாங்கலாம். மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். மரங்களை எண்ணிட்டு ஆய்ந்து பராமரிக்கும் சிங்கப்பூரிலேயே, தாவரவியல் பூங்காவின் மரபுமரப் பட்டியலில் இருந்த 40 மீட்டர் உயரத் தெம்புசு மரம் 2017 பிப்ரவரியில் சாய்ந்து ஒரு பெண் இறந்தார். ஆய்வு ஆபத்தைக் குறைக்கும், பூஜ்யமாக்காது.

விழும் மரங்களில் பலவற்றை நாமே விழத் தயார்ப்படுத்துகிறோம் என்பது மரம் ஏறுகிற எவருக்கும் தெரியும். குழாய்க்கும் வடிகாலுக்கும் நடைபாதைக்கும் தோண்டும்போது ஒரு பக்கத்து வேர்களை அறுக்கிறோம். மரம் பல ஆண்டுகள் பசுமையாகவே நின்றுவிட்டு ஒரு ‘சுமத்ரா’வில் அந்தப் பக்கத்துக்கு எதிர்த்திசையில் சாய்கிறது. ‘பாதுகாப்புக்காக’ உச்சியை மொட்டையடிப்பது இன்னும் மோசம். வெட்டிய இடத்தில் அழுகல் புகும். சுற்றிலும் குச்சிகுச்சியாகக் கிளைக்கும் புதுக் கிளைகள் பழைய கட்டையில் ஆழமாகப் பிடிப்பதில்லை. சில ஆண்டுகளில் அவை கனத்து முறியத் தொடங்கும்போது அதே மரம் இப்போது நிஜமாகவே ஆபத்தாகிவிடுகிறது. 2016 டிசம்பரில் வர்தா புயல் சென்னையில் ஆயிரக்கணக்கான மரங்களைச் சாய்த்த பிறகு அந்நிய மரம், நாட்டு மரம் என்ற வாதம்தான் பெரிதாக நடந்தது. சாலை வேலைக்காக வேர் அறுபட்டவை எத்தனை என்ற கேள்விக்கு அந்த அளவு இடம் கிடைக்கவில்லை.

இனி மோதல். சாலையின் இருபுறமும் தடையில்லாத வெளி வேண்டும் என்ற கருத்து அமெரிக்காவில் பிறந்தது. ஜெனரல் மோட்டார்ஸின் சோதனைத் தளத்தில் கென்னத் ஸ்டோனெக்ஸ் காட்டியது இது: தடம்மாறும் கார்களில் ஏறத்தாழ 80 விழுக்காடு, 30 அடிக்குள், அதாவது 9 மீட்டருக்குள், மறுபடி கட்டுக்குள் வந்துவிடும். 1967-இல் அமெரிக்க நெடுஞ்சாலை அதிகாரிகளின் சங்கம் அதை வழிகாட்டியாக்கியது. வேக நெடுஞ்சாலைக்கு அது நல்ல விதி. அங்கே அது உயிர்களைக் காத்திருக்கிறது என்பதில் ஐயமில்லை. சிக்கல் அந்த விதி பயணம் செய்த விதத்தில் இருக்கிறது. எரிக் டம்பா 2005-இல் ஃப்ளோரிடாவின் ஆர்லாண்டோவில் கலோனியல் டிரைவ் என்ற சாலையின் இரு பகுதிகளை ஒப்பிட்டார். மரமும் கடையும் நெருங்கி நின்ற பகுதியில் விபத்து குறைவாக இருந்தது. ஓட்டுநர் தாம் எங்கே இருக்கிறோம் என்பதைப் பக்கவாட்டில் பார்த்தே வேகத்தை முடிவு செய்கிறார் என்பது அவர் விளக்கம். எல்லாச் சாலைக்கும் இது பொருந்தும் என்று நான் சொல்லமாட்டேன். ஜாலான் பெட்ரிக்குப் பொருந்தும் என்று தயங்காமல் சொல்வேன்.

பாரிட் சூலோங் போகும் வழியில் 9 மீட்டரை அளந்து பாருங்கள். அந்த 9 மீட்டருக்குள்ளேயே வாய்க்கால் வந்துவிடும். மரத்தை எடுத்துவிட்டால் தடம்மாறும் வண்டி வெட்டவெளியில் வேகம் குறைந்து நிற்பதில்லை, பாரிட்டில் இறங்குகிறது. அப்புறம் இரும்புத் தடுப்பு வேண்டும் என்பார்கள். மலேசியாவில் ஆண்டுக்குச் சாலையில் இறப்போர் 6,000 பேர் அளவில் இருக்கிறார்கள். 2019-இல் 6,167 பேர். அவர்களில் பத்தில் ஆறு பேருக்கு மேல் மோட்டார் சைக்கிளில் சென்றவர்கள். காரோட்டியைக் காக்கும் இரும்புத் தடுப்பின் தூண், சறுக்கி வரும் மோட்டார் சைக்கிளோட்டிக்கு இன்னொரு மரம்தான். காருக்காகத் தீட்டிய ஒரு கணக்கை, இரண்டு சக்கரத்தில் ஓடும் நாட்டில் அப்படியே போட்டால் விடை தப்பும். மூவார் சாலைகளில் காலையில் பிள்ளையைப் பள்ளியில் விட்டுவிட்டு வேலைக்குப் போகிறவர்கள் எதில் போகிறார்கள் என்று பார்த்தால் போதும்.

சுற்றுச்சூழல் பக்கத்தில் முதலில் வெயில். நிழல் இல்லாத தார்ச்சாலை பகலில் உறிஞ்சிய சூட்டை இரவிலும் விடுகிறது என்பது எல்லோரும் அறிந்ததே. அதிகம் பேசப்படாதது தாரின் ஆயுள். கலிஃபோர்னியாவின் மொடெஸ்டோ நகரில் மெக்ஃபெர்சனும் மச்னிக்கும் 2005-இல் வெளியிட்ட ஆய்வு நிழலுள்ள தெருக்களின் மேற்பரப்பு நல்ல நிலையில் இருப்பதையும் மறு தாரிடும் செலவு குறைவதையும் காட்டியது. மரம் சாலையைக் கெடுக்கிறது, வேர் தாரைத் தூக்குகிறது என்ற புகாரோடு இதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். இரண்டும் உண்மைதான்.

அடுத்தது நீர். தாழ்நிலத்தில் வாய்க்கால் கரையைப் பிடித்து வைத்திருப்பது வேர். பெருமழையின் முதல் பங்கைக் கிளையும் இலையும் பட்டையும் வாங்கி மெல்ல விடுகின்றன. 2023 மார்ச்சில் ஜொகூரை மூழ்கடித்ததைப் போன்ற வெள்ளத்தைச் சாலையோர மரங்கள் தடுத்துவிடும் என்று சொன்னால் பொய். ஆனால் அந்த மரங்களின் அடியில் மண் கரைந்து பாரிட்டில் படிந்தால் அதைத் தோண்டி எடுக்கும் செலவு ஊராட்சிக்குத்தான். களைக்கொல்லி தெளித்தால் அதுவும் மழையோடு பாரிட்டில் இறங்கி ஆற்றுக்கும் கடலோரக் கண்டல் காட்டுக்கும் போகும். பாரிட் ஜாவாவின் கண்டல் கரை பெருநாரைகளுக்குப் பெயர்போன இடம். பறவை பார்ப்பவர்கள் அங்கே வெகுதொலைவிலிருந்து வருகிறார்கள். பராகுவாட்டை மலேசியா 2020 தொடக்கத்தில் தடை செய்தது நல்லதுதான். அதனிடத்தில் வந்த மருந்துகளும் தண்ணீரோடு போகக் கூடியவையே.

மூன்றாவது, மரத்தின் மேலுள்ள உயிர்கள். தூங்குமூஞ்சியின் கிளைக்கவட்டில் உட்கார்ந்திருக்கும் பறவைக்கூட்டுப் பெரணியை எல்லோரும் பார்த்திருப்போம். சபாவின் டானும் பள்ளத்தாக்கில் ஆய்வு செய்த எல்வுட், ஃபாஸ்டர் இருவரும் 2004-இல் எழுதியது வியப்பளிப்பது: பெரிய பெரணி ஒன்று ஈரத்தோடு 200 கிலோ வரை எடையிருக்கலாம், அதற்குள் இருக்கும் பூச்சிகளின் மொத்த எடை, அந்த மரத்தின் மீதி உச்சி முழுவதிலும் இருப்பதற்குச் சமமாகலாம். அது மழைக்காட்டு மரத்தின் கணக்கு. சாலையோரப் பெரணி சிறியது. இருந்தாலும் இங்கே மர ஆய்வும் உயிரியலும் நேருக்கு நேர் மோதுகின்றன. மர ஆய்வாளருக்கு அந்தப் பெரணி கிளைமேல் சுமை. பெரிய பொந்து ஒரு குறைபாடு. பட்டுப்போன கிளை உடனே அகற்ற வேண்டியது. செம்மார்புக் குக்குறுவானுக்கு அந்தப் பட்ட கிளைதான் வீடு. புள்ளியிட்ட மர ஆந்தை அதே பெரணியின்மேல் முட்டையிடும். கூட்டைப் பார்க்காமல் கிளையைப் பார்க்கும் ஆய்வு பாதி ஆய்வுதான்.

நிழல் போன இடத்தில் என்ன முளைக்கும் என்பதைத் தோட்டப்புறத்தில் வளர்ந்தவர்கள் உடனே சொல்வார்கள்: லாலாங் புல், மிக்கானியா கொடி, தொட்டாற்சுருங்கியின் முரட்டு உறவினர்கள். இவை வெளிச்சத்துக்கு ஏங்குபவை. மரத்தை எடுத்த சாலையோரத்தில் ஆண்டுக்கு இத்தனை முறை என்று இருந்த புல் வெட்டு கூடுகிறது. கூட்டரசுச் சாலைகளின் பராமரிப்பு 2001 முதல் சலுகை நிறுவனங்களிடம் இருப்பதால், புல் வெட்டும் செலவு ஒரு கணக்கிலும் மரம் வெட்டிய முடிவு வேறொரு கணக்கிலும் விழுகின்றன. இரண்டையும் ஒருசேரப் பார்க்கும் மேசை எங்கே என்று தேட வேண்டியிருக்கிறது. அந்தக் காலத்தில் பொதுப்பணித் துறைச் சாலைகளை வெட்டிச் சமன் செய்த தமிழ்க் கூலிகளுக்கு நிழலின் விலை ஒவ்வொரு பகலும் தெரிந்திருந்தது. கணக்கெழுதியவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டியதில்லை.

மேலே சொன்ன எந்த இழப்பும் ஒரு மரத்தை எடுத்ததால் கண்ணுக்குத் தெரியப்போவதில்லை. இருபது மரத்தில் ஒன்று போனால் நிழலும் தொடர்கிறது, பறவையும் பக்கத்து மரத்துக்குப் போகிறது. ஏழாவது, எட்டாவது போகும்போது வரிசை உடைகிறது. நடுவே நின்று காற்றைப் பங்கிட்டுக்கொண்டிருந்த மரம் திடீரென்று ஓரமரமாகி, இதுவரை வாங்காத காற்றை வாங்குகிறது; அடுத்த ஆய்வில் அதுவும் ஆபத்துப் பட்டியலில் ஏறுகிறது. ஒவ்வொரு முடிவும் தனியே பார்த்தால் நியாயமாக இருக்கும். சேர்த்துப் பார்த்தால் ஒரு சாலையின் மரங்கள் முழுவதும் யாரும் முடிவெடுக்காமலே போயிருக்கும். சுற்றுச்சூழல் பாதிப்பு மதிப்பீட்டுக்கான 2015 ஆணையின் பட்டியலில் புதிய நெடுஞ்சாலை இருக்கிறது. இருக்கிற சாலையில் பத்து ஆண்டுகளாக ஒன்றொன்றாக மரம் எடுப்பது அந்தப் பட்டியலில் வருகிற காரியமல்ல.

பிரான்ஸ் இதைச் சட்டத்தில் சந்தித்தது. 1970 ஜூலையில் அதிபர் பொம்பிடு தம் பிரதமருக்கு எழுதிய கடிதம் அங்கே பெயர்பெற்றது: பாதுகாப்பின் பெயரால் சாலையோர மரங்களை வெட்டும் சுற்றறிக்கையை அவர் எதிர்த்தார். 2016 ஆகஸ்ட் 8-இன் பல்லுயிர்ச் சட்டம் சுற்றுச்சூழல் நெறித்தொகுப்பில் சேர்த்த பிரிவு பாதுகாப்பது தனி மரத்தையல்ல, சாலையோர மர வரிசையையே. பாதுகாப்பைக் காரணம் காட்டி ஒரு மரத்தை எடுக்க அதன் உடல்நிலையோ பிடிப்போ ஆபத்தாகிவிட்டது என்று காட்ட வேண்டும்; எடுத்தால் ஈடு செய்யவும் வேண்டும்.

இந்தியாவில் ஜெஸ்ஸூர் சாலை வழக்கு இன்னும் நமக்கு நெருக்கம். பாராசாத்திலிருந்து பெட்ராபோல் எல்லை வரை போகும் அச்சாலையில் நிற்பவற்றுள் பலவும் மூவாரில் நிற்கும் அதே தூங்குமூஞ்சிகள்தாம். ரயில் மேம்பாலங்களுக்காக 356 மரங்களை வெட்டக் கல்கத்தா உயர் நீதிமன்றம் 2018-இல் அனுமதித்தது. ஒன்றுக்கு ஐந்து கன்று நட வேண்டும் என்றது. உச்ச நீதிமன்றம் அமர்த்திய குழு, ஒரு மரத்தின் வயதை 74,500 ரூபாயால் பெருக்கி வருவதே அதன் மதிப்பு என்று 2021-இல் அறிக்கை தந்தது. கடைசியில் 2023 பிப்ரவரியில் 306 மரங்களுக்கு அனுமதி கிடைத்தது. எனக்கு அந்த ரூபாய்க் கணக்கில் பெரிய நம்பிக்கையில்லை. எண் துல்லியமாக இருப்பதாலேயே சரியாகிவிடாது. ஆனால் வயதைக் கணக்கில் கொண்டுவந்தது முக்கியம். நூறாண்டு மரத்தையும் நாற்றங்கால் கன்றையும் ‘ஒன்று’ என்றே எண்ணுவதுதான் நம்மூர் வழக்கம்.

ஐந்து கன்று என்ற ஈட்டைப் பரப்பில் பார்க்கலாம். முதிர்ந்த தூங்குமூஞ்சியின் குடை 30 மீட்டர் விட்டம் வரை விரியும். அது ஏறத்தாழ 700 சதுர மீட்டர் நிழல். நட்டுச் சில ஆண்டான, 3 மீட்டர் விரிந்த இளமரத்தின் நிழல் 7 சதுர மீட்டர். ஒரு மரத்துக்கு ஈடாக நூறு இளமரம் வேண்டும். அந்த நூற்றையும் அதே சாலையில் நட இடமில்லை. வேறெங்காவது நட்டால் இந்தச் சாலைக்கு நிழலில்லை. 2021 ஜனவரியில் அன்றைய பிரதமர் முகிதீன் யாசின் 10 கோடி மரம் நடும் இயக்கத்தைத் தொடங்கினார். அவர் பிறந்த ஊர் மூவார், தொகுதி பாகோ. எத்தனை நட்டோம் என்பதற்கு அந்த இயக்கத்தில் எண் இருக்கிறது. எந்தச் சாலையில் எத்தனை சதுர மீட்டர் நிழல் கூடியது, எத்தனை குறைந்தது என்று மூவாரில் ஒருவர் அளந்தால் வேறு படம் கிடைக்கலாம்.

அளப்பது கடினமான வேலையல்ல. ஒரு சாலையை எடுத்து, அதில் நிற்கும் மரங்களை எண்ணிட்டு, இனம், சுற்றளவு, குடையின் அகலம், பொந்து, கூடு, அடியில் போகும் குழாய், மேலே போகும் கம்பி, கீழே யார் எந்த நேரத்தில் இருப்பார்கள் என்பதை எழுதிவைப்பது ஓரிரு வாரப் பணி. பள்ளிவாசலுக்கு முன் அடிக்காளான் கண்ட மரத்தை அடுத்த ‘சுமத்ரா’வுக்கு முன் எடுத்துவிட வேண்டும், அதற்கு எந்தக் கூட்டமும் தேவையில்லை. பாரிட் ஓரத்தில் மோதல் நடந்த வளைவுக்கு முதல் மருந்து வேகக் குறைப்பும் ஒளித்தகடும், மரம் கடைசி. உச்சி மொட்டையடிப்பதை ஒப்பந்தத்திலேயே தடை செய்யலாம், வேரின் பரப்புக்குள் குழி தோண்டுவதற்கு அனுமதி கேட்க வைக்கலாம். முதிர்ந்த வரிசைக்கு இடையே இப்போதே அடுத்த தலைமுறையை நட்டு, பெரியவை ஒவ்வொன்றாகப் போகும்போது நிழல் அறாமல் பார்த்துக்கொள்ளலாம்.

இதற்குப் புதுச் சட்டம் தேவையில்லை. 1995 திருத்தத்தின் 35ஏ பிரிவு மரப் பாதுகாப்பு ஆணையைத் தனி மரத்துக்கு மட்டுமின்றி ஒரு மரக் கூட்டத்துக்கும் பிறப்பிக்க இடமளிக்கிறது. ஜாலான் பெட்ரியின் மரங்களை ஒரே கூட்டமாகக் காட்டி ஆணை பிறப்பித்தால், அடுத்த முறை ஆபத்து என்று ஒரு மரத்தைச் சுட்டும் விண்ணப்பம் வரும்போது, மீதி மரங்களுக்கு என்ன ஆகும் என்ற கேள்வியும் அதே விண்ணப்பத்தில் எழுதப்பட வேண்டியிருக்கும்.